பெட்டியில் கிடைத்த பழைய ரிவால்வர்: கை வைக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னையை அடுத்த அண்ணனூரில் மின்ரயில் பணிமனை இருக்கிறது. அடுத்த நிலையமான ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை. பிட்டர், டர்னர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர் என்று இரும்பின் குணம் அறிந்தவர்கள் நிறைந்த பகுதி இது. காலமான பெரியவரின் டிரங்குப் பெட்டியில் பழைய ரிவால்வர் ஒன்று கிடைத்தால், “லேத்தில் கொடுத்துச் சரிபண்ணிவிடலாம்” என்று இங்கே யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் கையும் போகலாம், சிறையும் கிடைக்கலாம்.

எல்லாப் பளுவும் இரண்டு இடங்களில்

உதாரணத்துக்கு, பர்மிங்காமில் தயாரான வெப்ளி ரிவால்வரை பிரிட்டிஷ் ராணுவம் 1887இல் ஏற்றுக்கொண்டது. அதன் ஆறாம் மாதிரி முதல் உலகப் போரின்போது, 1915இல் வந்தது. கான்பூரில் நம் அரசுத் தொழிற்சாலை செய்த .32 ரிவால்வரும் இதே அமைப்புதான். தாழை விடுவித்தால் குழலும் சிலிண்டரும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். தோட்டாக் கூடுகள் தாமாக வெளியே வரும்.

மூடியபின் குழலை ரிவால்வரின் உடற்சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை கீழே உள்ள கீல் ஆணியும் மேலே உள்ள தாழும் மட்டுமே. சுடும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியைத் தாங்குபவை இவைதான். அதனால் தேய்மானமும் இங்கேதான் முதலில் சேரும். மூடும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்பதால் மட்டும் பூட்டு உறுதி என்று நம்பக் கூடாது.

தேய்மானத்தின் அடையாளங்கள்

கீழே உள்ள சோதனை உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டும். ரிவால்வரைத் திறந்து, எல்லா அறைகளும் காலி என்று கண்ணால் உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும்.

• மூடிய நிலையில் குழலை மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெல்ல அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் கீல் ஆணியோ தாழோ தேய்ந்திருக்கிறது.

• சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்கி, விசையை விடாமல் அழுத்தியபடி சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். அப்போது அது ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். தாராளமாக ஆடினால் அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காமல் போகலாம். குண்டு குழலின் விளிம்பில் உரசி ஈயத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்கும்.

• சிலிண்டர் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். அதற்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி பொதுவாக 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். கூடக் கூடச் சூடான வாயு அதிகம் கசியும்.

• ஏற்றி நிறுத்திய சுத்தியல், விரலால் தள்ளினால் விழக் கூடாது.

• குழலுக்குள்ளும் அறைகளிலும் துருக்குழி, வெடிப்பு, வீக்கம் உள்ளனவா என்று பாருங்கள்.

கண்ணுக்கு எளிதில் படாத ஆபத்து ஒன்றும் உண்டு. .455 தோட்டா போடும் வெப்ளி ரிவால்வர்கள் பலவற்றின் சிலிண்டரைப் பின்பக்கம் சீவி, .45 பிஸ்டல் தோட்டா போடும்படி மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் பழைய .455 தோட்டாவைவிட மிக அதிகம். அதைத் தொடர்ந்து சுட்டால் சிலிண்டரே வெடிக்கலாம்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுடக் கூடாது. எதுவும் தெரியவில்லை என்றாலும், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளர் அளந்து சொல்லாமல் சுடக் கூடாது.

பழையது என்று சட்டம் விடாது

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழங்காலத்து ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. தேய்ந்த கீல் ஆணியை மாற்றினால் சுடும் என்றால், அது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே.

உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. .380, .455 விளிம்புத் தோட்டாக்களைச் சுடும் ரிவால்வர்கள் கட்டுப்படுத்தப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மத்திய உள்துறை அமைச்சகம்தான் உரிமம் தர முடியும். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் பட்டறையில் வேலை செய்துகொடுப்பவருக்கு, 2019 திருத்தத்தின்படி 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. உதவிக்கு வந்த நண்பரை இந்தச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

வாரிசுக்கு என்ன வழி?

பெட்டியில் துப்பாக்கி கிடைத்தால் திறந்து பார்க்க வேண்டாம், வண்டியில் எடுத்துச் செல்லவும் வேண்டாம். உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படையுங்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ வைக்கலாம். ரசீது வாங்க மறக்காதீர்கள்.

ஒப்படைப்பதால் உரிமை போய்விடாது. வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். கிடைத்தால் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். உரிய காலத்துக்குள் சட்டப்படி விற்கவும் முடியும். விண்ணப்பத்துக்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் தயாராக இருக்கட்டும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். பரம்பரையாக வந்ததற்கும் இதே வரம்புதான்.

வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது. உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன.

உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுநலன் கருதி மறைக்க வேண்டியிருந்தாலன்றி, அதைத் தருவது அதிகாரியின் கடமை. மேல்முறையீடு செய்ய 18ஆம் பிரிவு வழிவகுக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.