டிரைசூட் வாங்கப் போறீங்களா? சைஸுக்கு முன்னாடி ஹோஸைப் பாருங்க!

ரிஷிவந்தியம் பக்கம் நீச்சல் என்றாலே கிணறுதான். இடுப்பில் காலி கேனைக் கட்டி இறக்கிவிட்டால் நாலு நாளில் பிள்ளை நீந்திவிடும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஸ்கூபா ஆசை வந்தால் கிழக்கே சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கும் புதுச்சேரிக்குத்தான் வண்டியைக் கிளப்பணும்.

அங்கே வெதுவெதுப்பான தண்ணீரில் டைவிங் கத்துக்கிட்டவர், வேலைக்காகக் கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ போனால் கதையே மாறும். அந்த ஊர்த் தண்ணீர் எலும்பு வரை சில்லிடும். அங்கே முதலில் காதில் விழும் வார்த்தை டிரைசூட்.

வெட்சூட், டிரைசூட்: என்ன வித்தியாசம்?

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும். வெட்சூட்டுக்குள் தண்ணீர் வரும். நியோப்ரீன் என்ற நுரை ரப்பர்தான் அதில் சூட்டைக் காக்கிறது. டிரைசூட்டுக்குள் தண்ணீர் வராது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான சீல், தண்ணீர் புகாத ஜிப், உள்ளே காற்று, அதற்குள் கம்பளி மாதிரி ஓர் உள்ளுடை.

நம்ம ஊருக்குத் தேவையா?

தேவையில்லை. தமிழகக் கடலில் மேல்மட்டத் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். 3 மி.மீ. வெட்சூட்டே போதும். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில்தான் பலரும் டிரைசூட்டுக்கு மாறுகிறார்கள்.

கனடாவின் ஒன்டாரியோவில் டோபர்மோரி என்ற ஊரை ஒட்டி, ஹூரான் ஏரியில் 20-க்கும் மேற்பட்ட கப்பல் சிதைவுகள் கிடக்கின்றன. அங்கே கோடையிலும் ஆழத்தில் கடும் குளிர்தான். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரிதான்.

வெறும் உடுப்புதானே?

இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும். சூட்டுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். உடனே சிலிண்டரிலிருந்து காற்று விடாவிட்டால் சூட் உடம்பை நசுக்கும், மிதப்பும் குறையும். மேலே வரும்போது நேர்மாறு: காற்று விரியும். அதை வெளியேற்றாவிட்டால் டைவர் பலூன் மாதிரி மேலே பாய்வார். அது நுரையீரலுக்கே ஆபத்து.

2020 நவம்பர் 1-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மெக்டொனால்ட் ஏரியில் டைவிங் போன 18 வயது மாணவி இறந்துபோனார். அவர் போட்டிருந்தது பழைய டிரைசூட். அதில் காற்று விடும் வால்வுக்குப் பொருந்தும் ஹோஸ் இல்லை. டிரைசூட் பயிற்சியும் அவருக்கு இல்லை. உடம்பில் சுமார் 20 கிலோ எடை, அதையும் சட்டென்று கழற்றிவிட முடியாத நிலை. கீழே போகப்போக சூட் இறுகியது. மேலே வர முடியவில்லை.

பொருந்தாத ஒரு ஹோஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

* ஹோஸும் வால்வும்: ஹோஸ் முனையில் எல்லாம் ஒரே அளவு கிடையாது. உங்கள் ரெகுலேட்டரில் மாட்டி, காற்று விட்டு, வெளியேற்றிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுங்கள்.

* துணி: டிரைலேமினேட் லேசானது, சீக்கிரம் காயும். ஆனால் அதற்கென்று சூடு கிடையாது, உள்ளுடையை நம்பித்தான் இருக்கும். நியோப்ரீன் தானே கொஞ்சம் சூடு தரும். ஆனால் கனம் அதிகம், காயவும் நேரமாகும்.

* சீல்: லேடெக்ஸ் நன்றாக இழுபடும், ஆனால் கிழியும், சன்ஸ்கிரீன் பட்டால் கெடும். சிலருக்கு அலர்ஜியும் வரும். சிலிகான் சீலை, அதற்கான வளையம் இருந்தால், நீங்களே மாற்றிக்கலாம்.

* ஜிப்: முதுகுப்பக்கம் இருந்தால் போட்டுவிட இன்னொருத்தர் வேணும். முன்பக்கம் சாய்வாக இருந்தால் தனியாகவே சமாளிக்கலாம்.

* சைஸ்: உள்ளுடையோடு போட்டுப் பாருங்கள். குந்தி உட்காருங்கள். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வைத் தொடுங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது. ரொம்ப லூசும் ஆகாது. மிச்சக் காற்று காலுக்கு ஓடினால் தலைகீழாகத் தூக்கிவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், செக் பண்ணித்தான். சீலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் மாற்றணும். கழுத்தையும் மணிக்கட்டையும் அடைத்து, சூட்டைக் காற்றால் நிரப்பி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே டெக்னிக்தான், குமிழி வந்தால் ஓட்டை. ஜிப் போயிருந்தால் மாற்றும் செலவு அதிகம், விலையிலேயே பேசிக் குறைத்துவிடுங்கள்.

பணம் எங்கே போகணும்?

புது சூட் பெரும்பாலும் ஆயிரம் டாலரைத் தாண்டும். உள்ளுடை, ஹோஸ், சர்வீஸ் எல்லாம் தனிக்கணக்கு. அதனால் முதல் செலவு சூட்டுக்கு வேண்டாம், பயிற்சிக்கு இருக்கட்டும். பாடி போன்ற அமைப்புகளில் டிரைசூட்டுக்கென்றே தனி கோர்ஸ் இருக்கிறது. அப்போது வாடகை சூட்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், உங்கள் உடம்புக்கு எது சரி என்று தெரிந்துவிடும்.

எடை எவ்வளவு வேணும் என்பதையும் ஆழம் குறைந்த தண்ணீரில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். கிணற்றில் இறக்கிவிடும் முன்னால் வீட்டுப் பெரியவர் கேன் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாரே, குளிர் ஏரிக்கும் அதே பழக்கம்தான் வேணும்.