ஐந்தாம் நம்பர் செருப்பும் அகலமான காலும்

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி மார்க்கெட்டிலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் செருப்புக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. ரீல்ஸில் பார்த்த மாடல் சில நூறு ரூபாய்க்கே கைக்கு வந்துவிடுகிறது. அழகாகச் செருப்பு போட ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் முனை கூரான பெல்லிக்குள் காலை நுழைக்கும் கல்லூரிப் பெண்ணைக் கவனியுங்கள்: சுண்டுவிரல் இருக்கும் பக்கம் ரெக்ஸின் புடைத்துக்கொண்டு நிற்கும். "போடப் போட லூஸ் ஆயிடும்மா" என்பார் விற்பனையாளர். தோலாக இருந்தால் ஓரளவு நெகிழும். ரெக்ஸின் அவ்வளவாக நெகிழாது, விரல்கள்தான் ஒடுங்கிக்கொள்ளும்.

நம்பர் யாருடைய காலுக்கு?

கடையில் கேட்கும் 5, 6 என்பதெல்லாம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த பிரிட்டிஷ் அளவு. இந்தியர்களின் காலை அளந்து வகுத்தது அல்ல. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட இந்தியர்களின் கால் அகலமானது என்று தெரியவந்தது. பெண்களின் பாதம் ஏறக்குறைய 11 வயதில் வேகமாக வளர்வதும் தெரிந்தது. இதைக் கொண்டு 'பா' என்ற இந்திய அளவுமுறை முன்மொழியப்பட்டிருக்கிறது.

அகலம் போதாதபோது பெரும்பாலானோர் நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறார்கள். அப்போது முன்பக்கம் பிடித்தபடியே இருக்க, குதிகால் கழன்று கழன்று உரசும். செருப்புக் கடி பலருக்கு இப்படித்தான் வருகிறது.

கூர்முனையும் ஹீல்ஸும்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். ஹீல்ஸ் உயர உயர உடலின் எடை முன்பாதத்தில் சாய்கிறது. அங்கே முனையும் கூராக இருந்தால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் தள்ளப்பட்டு, அதன் அடிமூட்டு வெளியே புடைக்கலாம். கால் ஆணியும் விரலிடுக்கு வலியும் உடன் சேரும். தினமும் ஹீல்ஸ் போடுபவர்களுக்குக் கெண்டைக்கால் தசை இறுகிவிடுவதால், வெறுங்காலில் நடந்தாலே இழுக்கும். ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் இறங்கும்போது பென்சில் ஹீல்ஸ் கணுக்காலையும் பிசகவைக்கும்.

தட்டையான பெல்லிதான் தீர்வா என்றால், அதுவும் இல்லை. அட்டைபோல் மெல்லிய சோலில் நாள் முழுக்க நின்றால் குதிகால் வலி கூடும். இரண்டு அங்குலத்துக்குள், அடி அகலமான பிளாக் ஹீல்ஸ் எவ்வளவோ மேல்.

கடையில் ஐந்து நிமிடம்

மாலையில் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. வீட்டிலேயே ஒரு அட்டையில் நின்று இரு பாதங்களையும் பென்சிலால் வரைந்து எடுத்துச் செல்லலாம். அந்த அட்டையைச் செருப்பின் சோல் மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஜோடி வேண்டாம்.

பிறகு இரண்டு காலிலும் போட்டு நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நட்டநடுவே மடங்கினால் பாதத்துக்குத் தாங்கல் இல்லை. குழந்தை பெற்ற பின் பலருக்குப் பாதம் நீண்டு அகலமாகிவிடும். கல்யாணத்துக்கு முன் போட்ட நம்பரையே கேட்டு வாங்காமல், காலைப் புதிதாக அளப்பது அவசியம்.

சர்க்கரை இருந்தால்

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. நரம்பு மரத்த காலில் செருப்பு கடித்தால் வலி தெரியாது. கொப்புளம் புண்ணாகி, ஆறாத பிறகே கண்ணில் படும். இவர்களுக்கு மிருதுவான எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) சோல், பின்வார் உள்ள செருப்பே ஏற்றது. தினமும் இரவில் பாதத்தைப் பார்க்க வேண்டும். சிறு புண்ணானாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

நின்றே விற்கும் பெண்கள்

செருப்பை எடுத்துக் கொடுக்கும் பெண்களின் கால்களைப் பற்றியும் பேச வேண்டும். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் அரசு திருத்தியது. கேரளம் 2018லேயே இதைச் செய்திருந்தது. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் அந்த இருக்கையில் உட்காருவது அவர்களுடைய உரிமை. கடையில் ஸ்டூல் கண்ணில் படாவிட்டால், பில் போடும்போது வாடிக்கையாளரே முதலாளியிடம் கேட்கலாம்.