விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வான்: ஹீட்டர் பிளக் பழுதைக் கண்டறிவோம்

ரத்தோட்டை, எல்கடுவை ஆகிய பகுதிகளில் மலை மேலே இருக்கும் தோட்டங்களில், விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு தாய்க்குப் பிரசவ வலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். ஆனால் உட்பாதையில் அது ஏறி வரும்வரை காத்திருக்க முடியாத நேரங்களும் உண்டு. அப்போது கைகொடுப்பது லயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய டீசல் வான்தான். அந்த நேரத்தில் அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. வரியும் அதிகம். ஆகவே முப்பது வயதைத் தாண்டிய ஜப்பானிய வான்களும் கார்களும் இன்னும் எமது பாதைகளில் ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றிக்கொள்வது நமது பொறுப்பு.

ஹீட்டர் பிளக் என்ன செய்கிறது?

பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் காற்று பல மடங்கு அமுக்கப்படுவதால் கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் நொசில் தெளிக்கும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது.

பழைய எஞ்சின்கள் பலவற்றில் டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் தெளிக்கப்படுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த அறையின் இரும்புச் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும், டீசல் பற்றாது. இதற்காகத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அதன் நுனி சில விநாடிகளில் செந்தணலாகிறது.

மாத்தளை நகரின் வெப்பத்தில் நான்கில் ஒரு பிளக் செத்துப்போனாலும் குறை தெரிவதில்லை. அதே வான் மலை மேலே மார்கழிப் பனியில் ஓர் இரவு நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். பழைய வான் வாங்குபவர்கள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.

அறிகுறிகள்

- காலையில் பலமுறை சுற்றிய பின்னரே ஸ்டார்ட் ஆகும். சூடான பின் ஒரே சுற்றில் பிடிக்கும்.
- சுற்றும்போது புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும். டீசல் வருகிறது, ஆனால் பற்றவில்லை என்பதே இதன் பொருள்.
- ஸ்டார்ட் ஆன முதல் ஓரிரு நிமிடம் எஞ்சின் குலுங்கும்.

எவ்வளவு சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் வரவில்லை என்று கருதலாம். பில்டரையும், குழாயில் காற்று ஏறியிருக்கிறதா என்பதையும், பம்பில் டீசலைத் திறந்துவிடும் மின் வால்வையும் பாருங்கள். சூடான பின்னும் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் பழுது ஹீட்டர் பிளக்கில் இல்லை. நொசில், பம்ப், எஞ்சின் தேய்வு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

படிப்படியாகச் சோதிப்போம்

1. முதலில் பற்றரி. ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்று போதிய அளவு சூடாகாது. பிளக் நன்றாக இருந்தும் பயனில்லை. முனைகளில் படிந்த வெள்ளைப் பூஞ்சணத்தைத் துடைத்து இறுக்குங்கள்.

2. டாஷ்போர்டு விளக்கை நம்பிவிடாதீர்கள். பல பழைய வாகனங்களில் அது ‘இத்தனை விநாடி பொறு’ என்று சொல்லும் விளக்கு மட்டுமே. நான்கு பிளக்குகளும் எரிந்துபோயிருந்தாலும் அது ஒழுங்காக எரிந்து அணையும்.

3. பிளக்குகளின் தலைகளை இணைக்கும் உலோகப் பட்டைக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சோதனை பல்பின் ஒரு வயரை எஞ்சின் உடலிலும் மற்றதைப் பட்டையிலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பல்ப் எரியாவிட்டால் பழுது பியூஸ், ரிலே, வயர் அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஒருமுறை நாமும் இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு பிளக்குகளையும் மாற்றிப் பணத்தை வீணாக்கினோம். பழுது ரிலேயில் இருந்தது.

4. மின்சாரம் வந்தால், சாவியை அணைத்துவிட்டுப் பட்டையைக் கழற்றுங்கள். கழற்றாமல் சோதித்தால் நல்ல பிளக் கெட்டதை மறைத்துவிடும். இப்போது பல்பின் ஒரு வயரைப் பற்றரியின் நேர் முனையிலும் மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்ப் எரியாத பிளக் செத்தது. மீட்டர் இருந்தால் நல்ல பிளக் பொதுவாக ஓர் ஓம் அளவையோ அதிலும் குறைவையோ காட்டும்.

மாற்றும்போது கவனிக்க

பிளக் உள்ளே முறிந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற நேரிடும். ஆகவே முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது மெதுவாகத் திருப்புங்கள். இறுகினால் சற்றுப் பின்னோக்கித் திருப்பி, மீண்டும் முயலுங்கள். புதியதைக் கையால் பூட்டிய பின், ஸ்பேனரால் அளவாக இறுக்கினால் போதும்.

வோல்ட் அளவு மிக முக்கியம். பற்றரி 12 வோல்ட் என்றாலும் சில வாகனங்களில் 6 வோல்ட் அளவில் இயங்கும் பிளக் உண்டு. அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் விநாடிகளில் எரிந்துபோகும். பழைய பிளக்கில் பொறித்திருப்பதைப் பார்த்தே புதியதை வாங்குங்கள். ஒரே சிலிண்டரின் பிளக் அடிக்கடி நுனி கருகிப் போனால் அந்த நொசிலைப் பரிசோதியுங்கள். எல்லாப் பிளக்கும் அடிக்கடி போனால் ரிலே ஒட்டிக்கொண்டு அணையாமல் இருக்கக்கூடும்.

செய்யக் கூடாதவை

ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அடிக்கக் கூடாது. செந்தணலில் பட்டு வெடித்து, பிஸ்டனை உடைக்கலாம், அடிப்பவருக்கும் ஆபத்து. காற்றுக் குழாயில் தீப்பந்தம் பிடிப்பதும் அவ்வாறே.

பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி இல்லை. பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். வளைவு நிறைந்த தோட்டப் பாதையில், நோயாளியை ஏற்றிக்கொண்டு இதைச் செய்வது உயிரோடு விளையாடுவதாகும். பல்லுப் பெல்ட் உள்ள எஞ்சினில், தேய்ந்த பெல்ட் திடீர் இழுவையில் பல் தாவினால் வால்வுகளும் சேதமாகலாம்.

நாம் மேலே சொன்ன சோதனைக்கு ஒரு பல்ப், இரண்டு வயர், ஒரு ஸ்பேனர், அரை மணி நேரம் போதும். வாகனம் வைத்திருக்கும் சகோதரர்கள் மார்கழி பிறக்கும் முன்னரே இதைச் செய்துவிடுங்கள். ஊரின் இளைஞர் இருவருக்கும் கற்றுக்கொடுங்கள். மணவாளன் வரும் நேரத்தில் எண்ணெய் தேடி அலைந்த கன்னியரின் உவமையை நாம் அறிவோம். நள்ளிரவில் ஒருவர் கதவைத் தட்டும்போது நம் வண்டி ஆயத்தமாக இருக்கட்டும்.