முகம் ஒன்று, மனிதர் பலர்

பிரேசர் டவுன் அன்பர்கள் சிலர் சேர்ந்து ‘ஆர்பன் பிளாக்’ தொடரைப் பார்த்தோம். 2013 முதல் 2017 வரை வந்த இந்தக் குளோனிங் கதையில் டாட்டியானா மஸ்லானி என்ற ஒரே நடிகை பல பெண்களாக வருகிறார். 2016-இல் எம்மி விருதும் பெற்றார்.

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்றார் பெரியவர் ஒருவர். 1996-இல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற ஆடும், 2009-இல் ஹரியானாவின் கர்னாலில் கரிமா என்ற எருமைக்கன்றும் இம்முறையில் பிறந்ததைச் சொன்னேன்.

இரட்டைப் பெண்களைப் பெற்ற அம்மா ஒருவர் சிரித்தார்: “முகம்தான் ஒன்று. ஒருத்திக்குப் பிடித்த குழம்பு மற்றவளுக்கு ஆகாது!”

கதையில் அப்பெண்களின் மரபணுவிலேயே காப்புரிமை பொறித்திருப்பது தெரிந்ததும் சிரிப்பு அடங்கியது. இயற்கையான மனித மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் தீர்ப்பளித்தது. செயற்கையாக உருவாக்கியதற்கு உண்டாம்.

“பெற்ற எனக்கே பிள்ளைகள் சொத்தில்லை. கம்பெனிக்கு எப்படி?” என்றார் அந்த அம்மா. யாரும் மறுத்துப் பேசவில்லை.