எண்ணெய்க் குழாய்க் கசிவும் கல்முனைக் கரையோரமும்: நற்பிட்டிமுனையை முன்வைத்து ஒரு நோக்கு

நற்பிட்டிமுனையின் கிழக்கே கல்முனை நகரும் அதற்கப்பால் வங்கக் கடலும் அமைந்துள்ளன. மேற்கே கிட்டங்கிப் பக்கமாக வயல்களும் நீர்நிலைகளும் விரிந்து கிடக்கின்றன. மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நெருங்கித் தொடரும் தமிழ், முஸ்லிம் ஊர்கள் யாவும் ஒரே கடலையும் மணலுக்கடியிலுள்ள தரைக்கீழ் நீரையுமே நம்பியிருப்பன. எனவே இக்கரையில் எண்ணெய் கசியுமாயின் அதன் கேடு ஓரூரின் எல்லைக்குள் நின்றுவிடாது. அவ்விடர் எத்தகையது, அதற்கு நாம் எவ்வாறு ஆயத்தமாதல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்திற்கு ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெயை ஏற்றிச் சென்ற ‘நியூ டயமண்ட்’ என்னும் கப்பல் அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பாலுள்ள கடலில் தீப்பற்றியது. பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையினரும் இந்தியக் கரையோரக் காவற்படையினரும் பல நாட்கள் போராடித் தீயை அணைத்தனர். கப்பல் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. கப்பலின் சொந்த எரிபொருளிற் சிறிதளவு கடலிற் படர்ந்ததாயினும் சரக்கெண்ணெய்த் தாங்கிகள் உடையவில்லை. அவை உடைந்திருப்பின் எமது கரையோரத்தின் வரலாறே வேறாக எழுதப்பட்டிருக்கும்.

கப்பல் விபத்து ஊரறிய நிகழ்வது. குழாய்க் கசிவோ பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்வது. 2018 செப்டெம்பரில், முத்துராஜவெலக் களஞ்சியத்திற்குக் கப்பலிலிருந்து உலை எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் திக்கோவிட்டவுக்கு அண்மையிற் கசிந்து உஸ்வெட்டகெய்யாவக் கரையை மாசுபடுத்தியது. 2023 மார்ச்சில், நாகூருக்கு அருகிலுள்ள பட்டினச்சேரி மீனவர் கிராமத்தில் மசகு எண்ணெய்க் குழாயொன்று கசிந்தது. அதனை நிரந்தரமாக அகற்றுமாறு அங்குள்ள மீனவர் போராடினர். இனி இவ்விடயம் எமக்கும் அண்மையதாகும். தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் பெற்றோலியக் குழாய் அமைக்கும் எண்ணத்தை இரு நாடுகளும் 2023இல் வெளியிட்டன. திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியன 2025 ஏப்ரலில் உடன்பாடு செய்தன. இத்திட்டங்களை நாம் ஈண்டு எதிர்க்கவோ ஆதரிக்கவோ முற்படவில்லை. அவை நிறைவேறுமாயின் கிழக்குக் கரை ஆயத்தமாக உள்ளதா என்பதே எமது வினா.

குழாய்கள் கசிவதற்கான காரணங்கள் பலவாகும். உப்பீரத்தால் உருக்கு துருப்பிடித்தல், ஒட்டுமூட்டுகள் தளர்தல், நிலம் அசைதல், பிறர் தோண்டும்போது அடிபடுதல், கப்பல் நங்கூரம் இழுபட்டு மோதுதல் என்பன அவற்றுட் சில. ஒரு முனையில் உட்செலுத்தும் எண்ணெயையும் மறுமுனையில் வெளிவரும் எண்ணெயையும் ஒப்பிட்டே கசிவு பொதுவாகக் கண்டறியப்படுகின்றது. பெரிய உடைவை இம்முறை விரைவிற் காட்டிவிடும். ஊசித்துளை போன்ற சிறு கசிவோ அளவீட்டுப் பிழைக்குள் மறைந்து பல நாட்கள் நீடிக்கலாம். அத்தகைய கசிவை முதலிற் காண்பவர் பொறியியலாளரல்லர். கிணற்று நீரில் வாடையை உணரும் குடும்பத்தவரோ வலையிற் கறையைக் காணும் மீனவரோ ஆவர்.

கடலிற் கலந்த எண்ணெயின் இலேசான கூறுகள் சில நாட்களில் ஆவியாகின்றன. எஞ்சியது அலையால் நீருடன் கலக்கப்பட்டுத் தடித்த கபிலநிறக் கூழாகின்றது. அவ்வாறு மாறியபின் அதன் கனவளவு பன்மடங்கு பெருகுவதுமுண்டு. ஆதலாற் கசிந்த அளவை மட்டும் கொண்டு கேட்டை மதிப்பிடுதல் பொருந்தாது. அது எக்காலத்தில், எவ்விடத்தைச் சேர்கின்றது என்பதே முதன்மையானது. கச்சான் காலத்தில் இக்கரையிற் காற்றுப் பெரும்பாலும் தரையிலிருந்து கடல்நோக்கி வீசும். வாடைக் காலத்திலோ காற்றுக் கரைநோக்கி வீசும். கரையோர நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும். எனவே திருகோணமலைப் பக்கத்தில் மாரியில் நேரும் கசிவு கல்முனைக்குத் தொலைவானதென நாம் ஆறுதல் கொள்ளவியலாது.

வாடைக் காலத்திற்கு மற்றுமோர் இயல்புண்டு. கோடையில் மணற்றிட்டால் அடைபட்டிருக்கும் முகத்துவாரங்கள் அப்போதுதான் வெட்டிவிடப்பட்டோ வெள்ளத்தால் உடைந்தோ திறந்துகொள்கின்றன. வெள்ளம் வடிந்தபின் கடல்நீர் அவ்வழியே உள்ளேறும். நீரின்மேல் மிதக்கும் எண்ணெயும் அதனுடன் வாவியைச் சேரும். திறந்த மணற்கரையிற் படிந்த எண்ணெயை வாரி அகற்றலாம். கண்டற் காடுகளின் வேர்களுக்கிடையே சேற்றிற் புதைந்ததை அகற்றுதல் அரிது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளரும் இடம் அதுவே. ஒரு பருவத்துக் குஞ்சுகள் அழிந்தால் அடுத்துவரும் பருவங்களிற் கரைவலை இழுப்போர் வெறும் மடியையே காண நேரும்.

கடலில் மிதக்கும் எண்ணெய் கிணறுகளை எளிதில் அடைவதில்லை. நிலத்தினடியிற் செல்லும் குழாயும் தாங்கியுமே கிணறுகளுக்கு இடராவன. எமது கரையோர மணலில் நன்னீர், உப்புநீரின்மீது மிதக்கும் மெல்லிய படையாகவே உள்ளது. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின்போது கிணறுகள் உவர்ப்பானதை நாம் கண்டோம். மழை அவ்வுப்பைச் சிறிது சிறிதாகக் கழுவியது. எண்ணெயிலுள்ள பென்சீன் போன்ற நச்சுப் பொருள்களோ நீரிற் கரைந்து நெடுங்காலம் தங்கக்கூடியவை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெயாற் கிணறுகள் மாசடைந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. ஆயினும் பணம் கிணற்றைத் தூய்மையாக்குவதில்லை.

இழப்பீடு பெறுவதற்கும் சான்று வேண்டும். நைஜீரியாவின் போடோ என்னும் மீனவர் ஊரில் 2008இல் குழாய் இருமுறை கசிந்தது. எவ்வளவு எண்ணெய் கசிந்தது என்பது பற்றிப் பல ஆண்டுகள் வழக்கு நடைபெற்றது. முதலிற் கூறப்பட்ட அளவிலும் மிகுதியாகவே கசிந்ததென நிறுவனம் 2014இல் ஒப்புக்கொண்டது. 2015இல் 5 கோடியே 50 இலட்சம் பவுண் வழங்க இணங்கியது. கசிவுக்கு முன்னர் நீரும் சேறும் மீன்வளமும் எந்நிலையிலிருந்தன என்று பதிவுசெய்து வையாதவர், கசிவின் பின்னர் தாம் இழந்ததை நிறுவ இடர்ப்படுவர்.

இலங்கையில் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டமும் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையும் உள்ளன. அவற்றின் பணிக்குத் துணையாக நாமும் செய்யக்கூடியன சில உண்டு. நற்பிட்டிமுனை முதல் நிந்தவூர் வரை தெரிந்தெடுத்த கிணறுகளின் நீரை மாரியிலும் கோடையிலும் சோதித்துப் பதிதல் வேண்டும். முகத்துவாரங்கள் திறக்கும், அடைபடும் நாட்களைக் குறித்தல் வேண்டும். கரைவலைச் சங்கங்களிடமிருந்து மீன்பிடி விபரங்களைத் திரட்டுதல் வேண்டும். எண்ணெய் வருமாயின் எம்முகத்துவாரத்தை முதலில் மிதவைத் தடுப்பால் மறிப்பது என்பதை முன்னரே தீர்மானித்தல் வேண்டும். ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகங்கள் உள்ள இப்பிரதேசத்தில் இவை அரிய பணிகளல்ல.

வெள்ளம் வருமுன் அணைகோலுதல் என்பது எம்முன்னோர் வயலிற் கற்ற பாடமாகும். 2020இல் எமது கரை தப்பியது எமது ஆயத்தத்தாலன்று. அடுத்த முறையும் அவ்வாறே தப்பும் என்பதற்கு உறுதியில்லை. முதற் குழாய் கிழக்கின் மண்ணைத் தொடுமுன்னரே எமது முதற் பதிவேடு எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.