ஒன்பது தோல்விகள், 56 புள்ளிகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நெப்ராஸ்கா அணி 2021-இல் ஆடிய சீசனைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘நேரம் சரியில்லை’ என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடுகிறார்கள். கணக்கைப் பார்க்கிறவருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். 12 ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அந்த ஒன்பதில் ஒன்றுகூடப் பத்துப் புள்ளி வித்தியாசத்தைத் தொடவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 26-17 என்று தோற்றதுதான் ஆகப் பெரிய தோல்வி. மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட் இரண்டிடமும் மூன்று மூன்று புள்ளியில் கோட்டைவிட்டார்கள். ஒன்பது தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டினால் 56 வருகிறது. நார்த்வெஸ்டர்னை 56-7 என்று நொறுக்கிய ஒற்றை ஆட்டத்தின் வித்தியாசமே 49! சீசன் முழுக்க எடுத்தது 335 புள்ளி, கொடுத்தது 272. எதிரணிகளைவிட 63 புள்ளி கூடுதலாக எடுத்த அணி, ஐந்து தேசியப் பட்டங்களின் பெருமை கொண்ட அணி, பட்டியலின் அடியில் கிடந்தது.

இதை நேரத்தின் மேல் போடுவது சுலபம். ஆனால் ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டை தெரிகிறது: உதை. ஓக்லஹோமாவிடம் 23-16. அதில், பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்கும் டச் டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்காக நெப்ராஸ்கா உதைத்த பந்தை எதிரணி தடுத்து, மறுமுனை வரை ஓடி இரண்டு புள்ளி எடுத்துக்கொண்டது. மிச்சிகன் ஸ்டேட் ஆட்டம் இன்னும் வயிற்றெரிச்சல். இரண்டாம் பாதியின் வழக்கமான நேரம் முழுவதும் எதிரணியை ஒரு ‘ஃபர்ஸ்ட் டவுன்’கூட (பந்தை வைத்துக்கொள்ளத் தேவையான பத்துக் கெஜ முன்னேற்றம்) எடுக்கவிடாமல் நெப்ராஸ்காவின் தடுப்பு வரிசை கட்டிப்போட்டிருந்தது. 20-13 என்று முன்னிலை, நான்கு நிமிடம்கூட மிச்சமில்லை. அப்போது உதைத்த பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தொலைவுக்கு உதைப்பது), சக வீரர்கள் காத்திருந்த பக்கத்துக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. அதைப் பிடித்தவர் 62 கெஜம் ஓடி டச் டவுன் போட்டார். கூடுதல் நேரத்தில் 23-20 என்று தோல்வி. கடைசி ஆட்டத்தில் அயோவாவுக்கு எதிராக 21-6 என்று முன்னிலையில் இருந்தவர்கள், ஒரு பன்ட் தடுக்கப்பட்டு டச் டவுனாகத் திரும்பிய பின் நிலைகுலைந்தார்கள். எதிரணி அடுத்தடுத்து 22 புள்ளி எடுத்து 28-21 என்று வென்றது.

எல்லாமே உதையால் வந்ததல்ல என்று சொல்வார்கள். பர்டியூ ஆட்டத்தில் நான்கு முறை பந்தை எதிரணியின் கையில் வீசிக் கொடுத்தார்கள், அது உண்மைதான். நெருக்கமான ஆட்டங்களின் முடிவு காசைச் சுண்டுவது போல, அடுத்த ஆண்டு தானாகச் சரியாகிவிடும் என்பது புள்ளிவிவரக்காரர்களின் வாதம். பொதுவாக அது சரியாகவும் இருக்கலாம். நெப்ராஸ்காவில் சரியாகவில்லையே! 2022-இல் டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்தில் 28-17 என்று முன்னிலையில் இருந்தபோது, பந்தைத் தாங்களே மீட்கக் குட்டையாக உதைத்துப் பார்த்து, அது பலிக்காமல் 31-28 என்று தோற்றார்கள். பயிற்சியாளர் மாறிய 2023-இலும் கடைசி நான்கு ஆட்டங்கள் 20-17, 13-10, 24-17, 13-10 என்றே போயின. நான்குக்கும் சேர்த்து 16 புள்ளி. அவற்றில் ஒன்றை வென்றிருந்தால் ஆண்டிறுதி ‘பௌல்’ ஆட்டத்துக்குத் தகுதி கிடைத்திருக்கும். ஆளும் மாறி, ஆண்டும் மாறி, கதை மட்டும் மாறாதபோது அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உதைப் பிரிவு ஏன் இப்படி ஓரங்கட்டப்படுகிறது? அன்றைய விதிப்படி ஓர் அணிக்கு 85 உதவித்தொகை இடங்கள், பத்து உதவிப் பயிற்சியாளர்கள், சீசனில் வாரம் 20 மணி நேரப் பயிற்சி. வீசுகிறவர், ஓடுகிறவர், தடுக்கிறவர் என்று எல்லாரும் பங்கு கேட்கும் இடத்தில் உதைக்கிறவர் கடைசியாக நிற்கிறார். உதவித்தொகையே இல்லாமல் தன் செலவில் படித்துக்கொண்டு ஆடும் மாணவர்கள் இந்த வேலையில் பல கல்லூரிகளிலும் உண்டு. தாக்குதலும் தடுப்பும் 60 நிமிடம் உழைத்துச் சேர்த்ததைச் சில விநாடிகளில் இழக்கக்கூடிய வேலைக்கு இவ்வளவுதான் முதலீடு. 2021 சீசன் முடிந்த பிறகுதான் நெப்ராஸ்கா உதைப் பிரிவை முழுப் பொறுப்பாக ஒரு பயிற்சியாளரிடம் ஒப்படைத்தது.

எனக்கு இதில் பெரிய கவலை பட்டப் பட்டியலைப் பற்றியதல்ல. 40 புள்ளியில் தோற்றால் பழி எல்லாருக்கும் பங்கு போடப்படும். மூன்று புள்ளியில் தோற்றால் அது ஒரு பையன் தலையில் விழும். 29-29 என்று சமநிலையில் இருந்த மிச்சிகன் ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் பந்தைப் பறிகொடுத்தவருக்கும் அதுதான் நேர்ந்தது, மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் பன்ட் உதைத்தவருக்கும் அதுதான் நேர்ந்தது. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீகில் ஓர் அணிகூட இல்லாத மாநிலம் நெப்ராஸ்கா. 1962-இலிருந்து ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் லிங்கன் நகர மைதானத்தின் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்துவந்திருக்கின்றன. அத்தனை பேரின் ஏமாற்றத்தையும் 20 வயது மாணவர் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. மேல்மட்டத்தில் எடுத்த முடிவுகளின் விலையை, மைதானத்தில் கடைசியாகப் பந்தைத் தொட்டவர் கட்டுகிறார். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு வழிதிறந்த பிறகு, பணத்தை இழந்தவர்களின் ஆத்திரமும் இதோடு சேர்ந்துகொண்டது. தோற்ற இரவில் அந்த மாணவரின் கைப்பேசிக்கு வரும் வசவுகளைத் தடுக்கும் பொறுப்பு ரசிகர்களுக்கே உண்டு. அடுத்த முறை ஓர் அணி மூன்று புள்ளியில் தோற்கும்போது, கடைசி நிமிடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதற்கு முன் போன 59 நிமிடங்களையும், அந்த மாணவருக்கு அணி என்ன பயிற்சி கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.