சித்தியின் பொடிக்குப் பேட்டன்ட் கிடைக்குமா?

திண்டுக்கல்லில் என் சித்தி இட்லிப் பொடி விற்கிறார். முதலில் தெருவுக்குள் மட்டும்தான். பிறகு சொந்தக்காரர்கள் கையில் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் போக ஆரம்பித்தது. போன தடவை நான் போயிருந்தபோது வாணலியில் உளுந்து சிவந்துகொண்டிருந்தது. கரண்டியை நிறுத்தாமலே கேட்டார்: "ஏம்ப்பா, பக்கத்துத் தெருவுல ஒருத்தி நம்ம பொடி மாதிரியே அரைச்சு விக்கிறா. இதுக்கு ஒரு பேட்டன்ட் வாங்கிப் போட்டா என்ன?"

பேட்டன்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூடச் சொல்லும் சொல்லாகிவிட்டது அது. போதாததற்கு, காப்புரிமை என்ற தமிழ்ச் சொல்லைச் சிலர் பேட்டன்டுக்கும் சிலர் காப்பிரைட்டுக்கும் எழுதிக் குழப்பத்தைக் கூட்டிவிட்டார்கள். இங்கே காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும், பேட்டன்டைப் பேட்டன்ட் என்றும், டிரேட்மார்க்கை வணிகக்குறி என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றையும் புரிந்துகொள்ள அந்தச் சமையலறையே போதும்: அலமாரியில் ஒரு பழைய நோட்டு, மேடையோரம் கிரைண்டர், மூலையில் காலி பாக்கெட் கட்டு.

முதலில் நோட்டு. சித்தி அதில் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். "உளுந்து வாசம் வாசலுக்கு வந்ததும் இறக்கு" என்பது அதில் ஒரு வரி. இப்படி அவர் எழுதிய விதத்துக்குப் பதிப்புரிமை உண்டு. எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. எழுதிய நொடியிலேயே வந்துவிடுகிறது. பதிந்துவைத்தால் நாளை வழக்கு வரும்போது கையில் ஒரு சான்று இருக்கும், அவ்வளவுதான். எழுதியவர் காலம் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். ஆனால் உளுந்து இவ்வளவு, கடலைப்பருப்பு இவ்வளவு, மிளகாய், பெருங்காயம் என்ற கணக்கு யாருக்கும் சொந்தமில்லை. நோட்டைப் படம் பிடித்துப் புத்தகம் போட்டால் தப்பு. படித்துவிட்டுப் போய் வறுத்தால் தப்பில்லை.

இது அநியாயமாகத் தோன்றலாம். சித்திக்கும் தோன்றியது. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியருக்கும் தோன்றியிருக்கும். மாகாணப் பற்றால் மனிதர்கள் பிரிந்து கிடப்பதை வைத்து 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று நாடகம் எழுதினார் அவர். 1956-ல் வைஜயந்திமாலா நடித்து 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் வந்தது. அதிலும் பஞ்சாபிக் குடும்பம், தமிழ்க் குடும்பம், நடுவில் காதல். என் நாடகத்தைத் திருடிவிட்டார்கள் என்று அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் தோற்றது. கருத்துக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு மட்டுமே உண்டு என்றது நீதிமன்றம். இன்றும் கோடம்பாக்கத்துக் கதைத் திருட்டுச் சண்டைகளில் இந்தத் தீர்ப்பைத் தாண்டி யாராலும் நடக்க முடியாது.

அடுத்து கிரைண்டர். பாட்டி காலத்து ஆட்டுரலில் உரல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் உரல் சுற்றுகிறது, கல் நின்ற இடத்தில் நின்று அரைக்கிறது. "ஏன் மாற்றிச் சுற்றக் கூடாது?" என்று யாரோ ஒருவர் யோசித்து, யோசித்ததை ஓடவும் வைத்தாரே, அந்த மாதிரி வேலைக்கானது பேட்டன்ட். பொருள் புதிதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அதற்குக் கூலியாக, செய்முறை முழுவதையும் ஊரறிய எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 20 ஆண்டு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

பொடிக்கு இது கிடைக்குமா? 1970-ஆம் ஆண்டுப் பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியல் போடுகிறது. சும்மா கலந்ததில் சேர்ந்த பொருள்களின் குணங்கள் ஒன்றுகூடி நிற்பதைத் தவிர வேறெதுவும் விளையாத கலவை அதில் ஒன்று. சட்டம் எழுதியவர் ஏதோ ஓர் அஞ்சறைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே எழுதியதுபோல இருக்கும். வழிவழி வந்த அறிவுக்கும் அதே பிரிவில் கதவடைப்பு. அதையும் விடுங்கள், சித்தி பல வருஷமாக விற்றுக்கொண்டிருக்கிறார், புதுமை என்பது முதல் பாக்கெட்டோடு போய்விட்டது.

வழிவழி வந்த அறிவு என்றதும் மஞ்சள் ஞாபகம் வருகிறது. 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணை ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்கென்று பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். காலில் அடிபட்டால் மஞ்சளைக் குழைத்துப் போடாத வீடு இங்கே உண்டா? ஆனால் வெளிநாட்டில் வழக்கத்தில் இருப்பது அன்றைய அமெரிக்கச் சட்டத்துக்குச் சாட்சி ஆகாது. அச்சில் இருந்தால்தான் செல்லும். விஞ்ஞானி மஷேல்கர் தலைமையிலிருந்த, இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் தேடி எடுத்துப் போட்டுப் போராடியது. 1997-ல் பேட்டன்ட் ரத்தானது. பாட்டிக்குத் தெரியும் என்பது போதாது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள் என்ற பாடத்திலிருந்து பிறந்ததுதான் பாரம்பரிய அறிவு மின்னணு நூலகம். 2001-ல் தொடங்கிய அதில் ஆயுர்வேதம், யுனானியோடு நம் சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளும் ஆங்கிலம், ஜப்பானியம் உட்பட ஐந்து அயல்மொழிகளில் ஏறியிருக்கின்றன.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றார் சித்தி. உளுந்தை இறக்கி ஆறவிட்டிருந்தார். எதை முதலில் வறுப்பது, எந்தப் பதத்தில் எள்ளைச் சேர்ப்பது என்பதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை அவர். அதற்கு வியாபார ரகசியம் என்று பேர். பேட்டன்ட் 20 ஆண்டில் தீரும். ரகசியம் வாய் திறக்கும்வரை தீராது. கோக்கோ கோலாக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் பிழைக்கிறார்கள். ஆனால் ஒருவர் தானே ருசி பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் கேட்க முடியாது. பக்கத்துத் தெருப் பெண் செய்திருப்பது அநேகமாக அதுதான்.

மிச்சம் இருப்பது பாக்கெட், அதாவது அதன்மேல் போடும் வணிகக்குறி. என்னைக் கேட்டால் சிறு வியாபாரிக்கு இதுதான் உண்மையான சொத்து. 'காரமான இட்லிப் பொடி' என்று பதிய முடியாது. அது பண்டத்தின் வர்ணனை, எல்லோருக்கும் வேண்டிய சொல். வேறு யாரும் வைக்காத, பண்டத்தைச் சொல்லாத பெயர் என்றால் எளிதாகக் கிடைக்கும். பத்து ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால் பேரன் காலம் வரைக்கும் ஓடும். எழுத்து மாறியிருந்தாலும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால் தகராறுதான்: 'அமிர்ததாரா'வும் 'லக்ஷ்மண்தாரா'வும் வாங்குபவரைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவு கைக்கு வரும் முன்னே பாக்கெட்டில் வட்டத்துக்குள் 'ஆர்' போடக் கூடாது, அது குற்றம். அதுவரை 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயரில் வரும் பழநி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா போன்றவற்றுக்குப் புவிசார் குறியீடு என்று தனி ஏற்பாடு. அது அந்த ஊரில் அதைச் செய்பவர்களுக்குப் பொது, சித்திக்கு உதவாது.

தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் வணிகக்குறிக்கு ஒரு சரக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம்; பொடி வகையறா 30-ஆம் வகுப்பில் வரும். நீங்களும் இப்படி ஏதாவது விற்பவராக இருந்தால், பாக்கெட் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று வணிகக்குறிப் பதிவகத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். தேடுவதற்குக் காசு கிடையாது.